முட்டிக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம்

இயன்முறை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் நான் இந்த வேலையில் முப்பது வருடம் காலம் தள்ளியிருக்க மாட்டேன். நம் தொழிலில் பாதி கை, பாதி வாய். கையால் செய்த தப்பு அந்த ஒரு மூட்டோடு போய்விடும். வாயால் செய்த தப்பு வீடு வரைக்கும் கூடவே போய், நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான் செய்தது வாயால்.

கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சின்ன மருத்துவமனை. பெயர் வேண்டாம். மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்பவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழையும்போதே பெஞ்சு நிறைந்திருக்கும், எல்லார் கையும் முட்டியின்மேல் இருக்கும். மூட்டுத் தேய்மானம் என்றால் என்ன என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்த நேரம் ஏது? அதனால் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். "உள்ள கிரீஸ் தீர்ந்துட்டு வருதும்மா" என்பேன். மோட்டார் இல்லாத வீடும் இல்லை, வண்டி இல்லாத வீடும் இல்லை. உடனே புரிந்துவிடும். தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அனுமந்தைப் பக்கத்திலிருந்து அஞ்சலை வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். உப்பு வாருவது அந்த வருடத்துக்கு முடிந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயது, என்னைவிட மூன்று வயது இளையவள். பின்னாளில் நாங்கள் இருவரும் வாடி போடி என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டதால் இங்கேயும் அவள் என்றே சொல்கிறேன், மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

"முட்டிக்குள்ள நறநறன்னு சத்தம் வருது டாக்டரம்மா. உப்பு மேல நடக்கற மாரியே இருக்குது. உள்ள உப்பு பூத்துடுச்சா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அதுதான் முதல் தப்பு. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக உப்பின்மேல் நடந்தவளுக்கு அந்தச் சத்தம் எதைப் போல இருந்ததோ அதைச் சொன்னாள். மேலும் கேட்டிருந்தால் எங்கே சத்தம், எப்போது, வலியோடா வலியில்லாமலா என்று எல்லாமே வந்திருக்கும்.

"உப்பும் இல்ல, சக்கரையும் இல்ல. ஜவ்வு தேஞ்சு, உள்ள கிரீஸ் தீர்ந்துட்டு வருது. இருக்கறத பாத்துச் செலவு பண்ணுங்க. குத்துக்கால் போடாதீங்க, ரொம்ப நடக்காதீங்க" என்றேன். பயிற்சிகள் அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் மருத்துவமனை வாசலில் மூன்று படி. அந்த மூன்று படியை ஏற அவளுக்கு ஆன நேரத்தில் நான் இரண்டு பேரைப் பார்த்து அனுப்பிவிட்டேன். படுக்கவைத்துப் பார்த்தால் வலது தொடை இளைத்துப் போயிருந்தது. முட்டி மடங்கவும் மாட்டேன் என்றது, நீளவும் மாட்டேன் என்றது.

"இன்னாம்மா பண்ணீங்க?"

"நீங்க சொன்னாப்பலயே செஞ்சேன் டாக்டரம்மா" என்றாள், பெருமையாக. "ரெண்டு மாசமா ஒரு சொட்டு கிரீஸ் செலவு பண்ணல. தண்ணி கூட மருமவதான் கொண்டாந்து குடுக்கறா. கட்டில வுட்டு எறங்கறதே பாத்ரூமுக்கு மட்டும்தான்."

"அந்தத் தாள்ல போட்டிருந்த பயிற்சி?"

"கிரீஸ் தீர்ந்துடும்ன்னு பயந்துகினு செய்யல."

பிள்ளைகளே, நோயாளி நாம் சொன்னதைக் கேட்கவில்லை என்று தினமும் புலம்புகிறோமே, அதைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு. நாம் சொன்னதை அப்படியே கேட்பது. அஞ்சலை மாதிரி கட்டுப்பாடான நோயாளியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் ஒரு சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நன்றாக இருந்த காலையும் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

உண்மை என்ன என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேளுங்கள். முட்டிக்குள் இருக்கும் நீர் டப்பாவில் அடைத்த கிரீஸ் இல்லை. நல்ல மூட்டில் அது முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழவென்று இருக்கும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதற்குச் சோறு போடுவது இந்த நீர்தான். கால் அழுந்தும்போது குருத்தெலும்பிலிருந்து நீர் பிழிந்து வெளியே வருகிறது, அழுத்தம் விடும்போது உள்ளே போகிறது. மூட்டின் உள்சவ்வில் இருக்கும் செல்கள் இழுபடுவதையும் அமுங்குவதையும் உணர்கின்றன. அப்படி உணரும்போதுதான் வழவழப்பைச் சுரக்கின்றன. தேய்மானம் வந்த மூட்டில் அந்த நீர் நீர்த்துப்போகிறது. அசைக்காமல் வைத்தால் இன்னும் மோசம். அளவுக்கு மீறி இடித்தாலும் மோசம். செலவு செய்தால்தான் ஊறும் என்பதை, செலவு செய்தால் தீர்ந்துவிடும் என்று தலைகீழாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் நான்.

"பொங்கல் கழிஞ்சா பாத்தி மிதிப்பு வருது. அதுக்குள்ள எனக்கு சரியாவணும் டாக்டரம்மா" என்றாள்.

மிதிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். மழை வடிந்த பிறகு உப்புப் பாத்தியின் தரை சொதசொதவென்று கிடக்கும். பெண்கள் வரிசையாக நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து, வலது இடது என்று கணக்காக மிதித்து மிதித்து அந்தத் தரையைக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இறுகினால்தான் உப்பில் சேறு கலக்காது. அஞ்சலையின் செட்டில் எட்டுப் பேர். அந்தச் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. மிதிக்காதவள் வாரக்கூடாது. மிதிப்பு நாளில் வரிசையில் இல்லாதவளுக்கு அந்த வருடம் உப்பு வாரும் பலகையைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

"நான் போவலன்னா ஏழு பேருன்னு நெனைக்கறீங்களா? இல்ல. வேற ஒருத்தி எட்டாவதா வந்துடுவா. அப்புறம் அந்த எடம் அவளுது. ரெண்டு மாசம் கட்டில்ல குந்திகினு இருந்தேன். நான் யாருன்னே எனக்குத் தெரியல டாக்டரம்மா."

அவள் கண் கலங்கியது. எனக்கும்தான். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அஞ்சலை, கிரீஸுன்னு ஒண்ணும் இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். அசைச்சாத்தான் உள்ள நீர் ஊறும். உக்காந்திருந்தது தப்பு. தப்பு உங்களோடது இல்ல, என்னோடது."

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்போ ரெண்டு மாசம் சும்மா குந்திகினு இருந்தேனா?"

"ஆமா."

"பாவி!" என்றாள்.

என் முப்பது வருடத்தில் நோயாளி எனக்குக் கொடுத்த பட்டங்களில் முழுத் தகுதியோடு நான் வாங்கிக்கொண்டது அந்த ஒன்றுதான். அவள் வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏய், டாக்டரம்மாவப் போய்..." என்று இழுத்தார். அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"காத்தடிக்காத நாள்ல பாத்தித் தண்ணி மேல ஆடை கட்டிக்கும்" என்றாள் மெதுவாக. "பலகையப் போட்டுக் கலைச்சு வுடணும். கலைக்கலன்னா அடியில உப்பு சரியா எறங்காது. அந்த மாரியா?"

புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை. ஆனால் நின்ற நீர் கெடும், கலைத்த நீர் வேலை செய்யும் என்ற இடத்துக்கு அவளாகவே வந்து சேர்ந்துவிட்டாள். என் கிரீஸைவிட அவள் சொன்ன ஆடை ஆயிரம் மடங்கு மேல்.

"அந்த மாரிதான்" என்றேன்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு ஆட்டுவதில் தொடங்கினோம். அந்த வழக்கமான விவரமெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள், நான் தாண்டிப் போகிறேன். பத்தே நாளில் முட்டி மடங்கியது. வாசற்படியைத் தனியாக ஏறினாள். நான் மிதப்பில் இருந்தேன். அப்போதுதான் அடுத்த அடி விழுந்தது.

ஒரு காலையில் ஆட்டோ வந்து நின்றது. அவள் வீட்டுக்காரர் இறங்கி ஓடிவந்தார். உள்ளே அஞ்சலை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கி, தொட்டால் சுட்டது. கொல்லையில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, முந்தின நாள் காலையிலிருந்து மதியம் வரை மிதித்துப் பழகியிருக்கிறாள்.

"அசைச்சா ஊறும்ன்னு நீங்கதான சொன்னீங்க! நெறையா அசைச்சா நெறையா ஊறும்ன்னு..." என்றாள், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "எங்க ஊர்ல கட்டு கட்டறவர் இருக்கறார் மேடம். ஒரு மாசம் அசையாம இறுக்கிக் கட்டிட்டா சரியாவும்ங்கறார். கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். சூடான, வீங்கிய முட்டி. பார்த்த மாத்திரத்தில் அசை என்கிறவரும் முட்டாள், அசைக்காதே என்கிறவரும் முட்டாள். அளவுக்கு மீறி மிதித்ததால் வந்த வீக்கம் என்று என் மனம் சொன்னது. காய்ச்சல் இல்லை. ஆனால் அவள் பாதத்தில் வெடிப்பு இருந்தது, சேற்றில் நின்றிருக்கிறாள். அந்த வழியாகக் கிருமி ஏறி மூட்டில் சீழ் பிடித்திருந்தால்? மூட்டில் சீழ் என்றால் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனால் முதல் கேள்வியே, இவளுக்கு இதுவரை என்ன சொன்னாய் என்பதுதான். போகாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது, அது என் மானம். போவதற்கு ஒரு காரணம் இருந்தது, அது அவள் முட்டி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அதே ஆட்டோவில் நானும் ஏறினேன்.

பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் எத்தனை வேகத்தடை என்று அவள் என் கையைப் பிடித்த பிடியிலேயே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. டாக்டர் அதிகம் பேசாத மனிதர். முட்டியைச் சுத்தம் செய்து ஊசியால் நீரை இழுத்தார். வெளிர் மஞ்சள், ஆனால் கண்ணாடி போலத் தெளிவு. பரிசோதனைக்குக் கொஞ்சம் அனுப்பினார். மிச்சத்தில் ஒரு சொட்டைக் கையுறை போட்ட விரலில் விட்டு, கட்டைவிரலால் தொட்டு இழுத்துக் காட்டினார். நல்ல நீர் என்றால் நூல் மாதிரி நீளும். இது சட்டென்று அறுந்து விழுந்தது.

"தண்ணியா இருக்கு. ஆனா சீழ் இல்ல" என்றார். பின்னால் வந்த பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. எனக்கு மூச்சு வந்தது. நடந்ததை நான் மறைக்காமல் சொன்னதும் அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அசைக்கச் சொன்னது சரி. எவ்வளவுன்னு சொன்னியா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. முதல் முறை பயமுறுத்தி அனுப்பினேன், இரண்டாம் முறை உற்சாகப்படுத்தி அனுப்பினேன். இரண்டு முறையும் அளவைச் சொல்லவில்லை.

"அளவ நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. மறுநாள் காலையில முட்டிதான் சொல்லும். அதக் கேக்கக் கத்துக்குடு" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரிடம் நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கட்டு கட்ட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் அடித்துச் சொல்லிவிட்டோம். இரண்டு நாள் ஓய்வு, அதற்குப் பிறகு மெல்ல அசைவு. அஞ்சலையும் நானும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். தினமும் காலையில் எழுந்ததும் அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்து, நாலு அடி நடந்து பார்க்க வேண்டும். பிறகு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் முட்டி சமாதானமாக இருக்கிறது, நேற்றுச் செய்ததையே இன்றும் செய்யலாம், கொஞ்சம் கூட்டலாம். இரண்டு கொடுத்தால் முட்டி கோபமாக இருக்கிறது, இன்று பாதி. மிதிப்புக்கு இன்னும் மூன்று வாரத்துக்குமேல் கொஞ்சம் இருந்தது.

முதல் வாரம் எல்லாமே இரண்டு. தரையில் எடை வைத்து நின்றாலே முட்டி முறைத்தது. எட்டாம் நாள் காலையில் மிஸ்டு கால் வரவில்லை, கால்தான் வந்தது.

"டாக்டரம்மா, அளத்துக்கு வாங்க. ஒண்ணு காட்டறேன்."

போனேன். பாத்திகளுக்கு விடுவதற்காக உப்புத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய குட்டை ஒன்று அளத்தின் ஓரத்தில் உண்டு. அதில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அஞ்சலை வலது, இடது, வலது, இடது என்று மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நின்னா முட்டி பேசவே மாட்டேங்குது!" என்று கத்தினாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நீருக்குள் உடல் எடை குறையும், உப்பு ஏறிய நீர் இன்னும் நன்றாகத் தாங்கும். எங்கள் மருத்துவமனையில் ஒரு நீர்ப்பயிற்சித் தொட்டி வேண்டும் என்று நான் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் தொட்டியாகக் கிடந்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். ஆர்வத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். என் குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் நின்ற நாரைகள் மொத்தமும் பறந்தன. அஞ்சலை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இரண்டு மாதம் கட்டிலில் உட்காரவைத்ததற்கு அன்றைக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டாள்.

"கால்ல தேங்காண்ண தடவிகினு எறங்கணும் டாக்டரம்மா! இது கூடத் தெரியாதா?"

அந்தக் குட்டையின் தரை சரிவானது. ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் கணுக்கால் அளவு. இதைவிட நல்ல கருவியை எந்தக் கம்பெனியும் செய்து தர முடியாது. ஒற்றை மிஸ்டு கால் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் ஆழம் குறைந்த பக்கமாக நாலு அடி நகர்வாள். எடை கூடும். இரண்டு வந்தால் பழைய ஆழத்துக்கே போவாள். இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தாள், தொடையிலிருந்து முட்டிக்கு வந்தாள். பொங்கலன்று வீட்டில் பானை பொங்கும்போது அவள் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் நின்று மிதித்துவிட்டு வந்திருந்தாள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த முட்டியிலிருந்து இன்னொரு சொட்டு எடுத்து, நூல் நீளுகிறதா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. டாக்டரிடம் போனில் கேட்டேன். "நல்லா இருக்கற முட்டியில ஊசி எதுக்கு? உன் ஆசைக்கா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அதனால் அந்த நீர் மாறியதா, எவ்வளவு மாறியது என்று என்னால் உங்களுக்கு அடித்துச் சொல்ல முடியாது. தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிட்டது என்று எவராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். அவள் படி ஏறினாள், குந்தி எழுந்தாள், காலையில் ஒரே ஒரு மணி அடித்தாள். நான் பார்த்தது அதுதான்.

மிதிப்பு நாள் வந்தது. காலையிலேயே உயரமான வரப்பில் குடையோடு போய் நின்றேன். அந்தச் செட்டுக்கு மேஸ்திரி ஏழுமலை. அறுபதை நெருங்கும் ஆள். கெட்டவர் இல்லை, கண்டிப்பானவர். கையில் ஒரு கோல், நான் அளத்துக்கு வந்த நாட்களிலெல்லாம் அதை ஊன்றி இடது காலில் சாய்ந்துதான் நிற்பார். அதிகாரத் தோரணை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

முட்டி வீங்காமல் இருக்க நாங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தோம். முக்கால் மணி நேரம் மிதித்ததும் வரப்பில் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு ஆட்டி, பிறகு மறுபடி இறங்குவது. நேரம் ஆனதும் நான் குடையை மடக்க வேண்டும், அதுதான் அடையாளம். மேஸ்திரியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன் என்றதற்கு அஞ்சலை சம்மதிக்கவில்லை. "எனக்காக யார்கிட்டயும் கெஞ்சாதீங்க" என்றாள்.

அவள் இறங்கும்போது மேஸ்திரி சொன்னார். "அஞ்சல, எறங்கறதுன்னா எறங்கு. நடுவுல ஏறினா ஏறினதுதான்."

எனக்குத் திக்கென்றது. ஏறினால் இடம் போகும். ஏறாமல் மிதித்தால் முட்டி வீங்கும், நாளைக்கு இடம் போகும்.

எட்டுப் பேரும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். வலது, இடது. சேறு ப்ளக் ப்ளக் என்று சத்தம் போட்டது. அஞ்சலை மூன்றாவதாக இருந்தாள். வரிசைக்குத் தலையாக நின்றவள் கன்னியம்மா, செட்டிலேயே மூத்தவள். பாத்தியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போனார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவள் நடையைப் பார்ப்பதுமாக இருந்தேன். முக்கால் மணி ஆனபோது அவள் நடை நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. ஒருநாள்தானே, தாங்கிவிடும் என்று தோன்றியது. நன்றாக இருக்கும்போது நிறுத்துவதுதான் நம் தொழிலிலேயே கஷ்டமான காரியம், வலி வந்தபின் எல்லாருக்கும் நிறுத்தத் தெரியும்.

குடையை மடக்கினேன்.

அஞ்சலை பார்த்தாள். வரிசையைக் குலைக்காமல் கரை வரை மிதித்து வந்து, கையை எடுத்துவிட்டு வரப்பில் ஏறி உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிட்டு ஆட்டத் தொடங்கினாள்.

மேஸ்திரி கோலை ஊன்றி வந்தார். "ஏறிட்டியா? நான் இன்னா சொன்னேன்?"

"ஏறல மேஸ்திரி. முட்டிக்குத் தண்ணி பாய்ச்சறேன்."

"இன்னாது?"

"பாத்திக்கு மட்டும் வேளாவேளைக்குத் தண்ணி பாய்ச்சறோம்ல? முட்டிக்குள்ளயும் தண்ணி ஓடணும். பத்து நிமிசம். அப்புறம் எறங்கறேன், இவங்க எல்லாருக்கும் கடைசில ஏறறேன். பாத்துக்குங்க."

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா வரப்பில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நகரு. எனக்கும் பாய்ச்சணும். மூணு வருசமா காஞ்சு கிடக்குது" என்றாள். அடுத்தவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். அதற்கடுத்தவளும் ஏறினாள். எட்டுப் பேரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பதினாறு காலையும் ஆட்டினார்கள். வலி இல்லாத முட்டி அந்தச் செட்டில் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. ஒருத்தியை நிறுத்தலாம், எட்டுப் பேரை நிறுத்திவிட்டு மேஸ்திரி யாரை வைத்து மிதிப்பார்? கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றார்.

பத்து நிமிடம் கழித்து எட்டுப் பேரும் இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் இன்னும் ஒரு தரம் தண்ணீர் பாய்ச்சினார்கள். உச்சிவேளைக்குள் பாத்தி முழுவதும் மிதித்து முடிந்தது. சொன்னபடியே அஞ்சலைதான் கடைசியாக ஏறினாள். சேறு அப்பிய காலோடு நேராக என்னிடம் வந்து, என் மடக்கிய குடையைப் பிடுங்கி விரித்து, என் தலைக்குமேல் பிடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முயற்சி செய்யவில்லை.

ஆனால் முட்டி பதில் சொல்வது மறுநாள் காலையில்தானே? விடியும்போதே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காபி ஆறிப்போனது. ஆறு மணிக்குச் சற்று முன் அடித்தது. ஒன்று. நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வரவில்லை. எழுந்து நின்று யாருமில்லாத வீட்டில் கையைத் தட்டினேன், பைத்தியம் மாதிரி.

அப்போது போன் மறுபடி அடித்தது. அஞ்சலை நம்பர்தான்.

இரண்டாவது மணி என்றால் முட்டி கோபம். ஆனால் அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். ஆண்குரல்.

"டாக்டரம்மா, நான் ஏழுமலை பேசறேன். மேஸ்திரி. அளத்துலேர்ந்து." ஒரு கனைப்பு. "இந்த... முட்டிக்குத் தண்ணி பாய்ச்சறது, அது பொம்பளைங்களுக்கு மட்டுமா, ஆம்பளைங்களுக்கும் உண்டா?"

அந்தக் கோலும், இடது காலில் சாய்ந்த அந்த நிற்பும் கண்முன் வந்தன. நடையைப் பார்த்தே நோயைச் சொல்கிறவள் என்று பெயர் வாங்கிய நான், எதிரிலேயே நின்ற ஒரு முட்டியை இத்தனை நாள் தோரணை என்று நினைத்திருக்கிறேன்.

"எல்லாருக்கும் உண்டு மேஸ்திரி. உங்களுக்கு இன்னா பண்ணுது?"

"வலது முட்டில நறநறங்குது. உள்ள உப்பு பூத்துடுச்சு போலக்குது."

பின்னாலிருந்து பெண்களின் சிரிப்பு கேட்டது. அதையெல்லாம் அடக்கிக்கொண்டு அஞ்சலையின் குரல் உரக்க வந்தது.

"சிரிக்காம பதில் சொல்லுங்க டாக்டரம்மா!"

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "எந்த எடத்துல நறநறங்குது, எப்பப்ப வருது, மொதல்லேர்ந்து சொல்லுங்க மேஸ்திரி" என்றேன்.